தீப்பெட்டி அளவுல ஒரு படம்: தோவாளைப் பூச்சந்தையும் ஸ்டீம் கவரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ரொம்பச் சின்ன ஒரு விஷயத்தைப் பத்திப் பேசப்போறோம். எவ்வளவு சின்னதுன்னா, அகலம் 120 பிக்சல், உயரம் 45 பிக்சல். ஸ்டீம்ல விளையாட்டுகளோட பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு குட்டிச் செவ்வகம் வரும் இல்லையா, அதோட மிகச் சின்ன வடிவம் இந்த அளவுதான். ஸ்டீம்காரங்க அதுக்கு ‘கேப்சூல்’னு பேர் வச்சிருக்காங்க. நாம இங்கே கவர்னே சொல்லிக்குவோம்.

இந்தப் பேச்சு இப்போ ஏன் வந்ததுன்னா, தோவாளையில எனக்கு ஒரு நண்பன். பகல்ல நாகர்கோவில்ல வேலை. ராத்திரி உட்கார்ந்து மூணு வருஷமா தனியா ஒரு விளையாட்டு பண்ணிட்டு இருக்கான். பேரை இப்போ சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். கோடிங், இசை எல்லாம் முடிஞ்சது. கடைசியா கவர் மட்டும் பாக்கி. அதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசத்துல நாங்க பேசினது, சண்டை போட்டது, கண்டுபிடிச்சது, இதுதான் இன்னைக்கு எபிசோட்.

தோவாளை தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி ரோட்டைப் பிடிச்சீங்கன்னா ஆரல்வாய்மொழிக்கு முன்னாடி வர்ற ஊர். பக்கத்துல மலை, இன்னும் கொஞ்சம் போனா முப்பந்தல் காத்தாலைகள். ஊர் தூங்குற நேரத்துல இங்கே பூச்சந்தை முழிச்சுக்கும். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, துளசின்னு உள்ளூர்ல இருந்தும் வெளி மாவட்டங்கள்ல இருந்தும் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். நிறைய பூ கேரளாவுக்குப் போகும். ஓணத்துக்கு முன்னாடி தோவாளையில பூ விலை எகிறிடுச்சுன்னு வருஷா வருஷம் செய்தி வருமே, அந்தத் தோவாளைதான்.

விளையாட்டும் அதைப் பத்தினதுதான். நீங்க ஒரு சின்ன பூ வியாபாரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கும். பிச்சியை மொட்டா வாங்கணும், விரியறதுக்குள்ள வித்துடணும். நேரம் ஆக ஆக விலை இறங்கும். விடிஞ்சா ஆட்டம் ஓவர். நான் விளையாடிப் பார்த்தேன். முதல் ராத்திரியிலேயே கடனாளி ஆயிட்டேன். ஆனா திரும்ப விளையாடணும்னு தோணுச்சு.

அவன் வரைஞ்சு அனுப்பின முதல் கவர் எப்படி இருந்ததுன்னு சொல்றேன். சந்தை முழுக்க அதுல இருந்தது. அறுபது பேராவது இருப்பாங்க. சாக்கு, கூடை, லாரி, டியூப்லைட், டீக்கடை, பின்னாடி மலை, மலைக்கு மேல நிலா, ஓரத்துல ஒரு காத்தாலை. மேல கையெழுத்து மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு தமிழ்ல பேர். பெரிய திரையில பார்த்தப்போ நிஜமாவே அழகு. ஃபிரேம் போட்டு மாட்டலாம். அதை 120-க்கு 45-ஆ சுருக்கி அவனுக்கே திருப்பி அனுப்பினேன். கருநீலத்துல ஒரு அழுக்குத் துணி மாதிரி இருந்தது. பதில் வர ரெண்டு நாள் ஆச்சு.

இங்கே ஒண்ணு சொல்லணும். கவர் ஆர்ட் நமக்குப் புதுசு இல்ல. ஸ்டீமுக்கு எண்பது வருஷம் முன்னாடியே நம்ம ஆளுங்க இந்தக் கணக்கைப் போட்டுட்டாங்க. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில இருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. அதோட கூடவே ஊர்ல அச்சுத் தொழிலும் வளர்ந்தது. தீப்பெட்டி லேபிளை யோசிச்சுப் பாருங்க. உள்ளங்கையில பாதிகூட இருக்காது. பெட்டிக்கடையில அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால, பத்து கம்பெனிப் பெட்டிகளோட அடுக்கி வச்சிருப்பாங்க. வாங்க வர்றவருக்கு எழுத்து தெரியாமலும் இருக்கலாம். அதனால லேபிள்ல என்ன இருக்கும்? ஒரு அணில். ஒரு சேவல். ஒரு சாவி. நடுவுல ஒரே உருவம், பின்னால ஒரே அடர்த்தியான நிறம். “அந்த அணில் போட்டதைக் குடுங்க”ன்னு கேட்டு வாங்கிட்டுப் போகலாம்.

அதே சிவகாசி அச்சகங்கள்லதான் சாமி படம் போட்ட காலண்டரும் அச்சாச்சு. கோவில்பட்டியில இருந்து வரைஞ்ச சி. கொண்டையராஜு, அவரோட சீடர்கள், இவங்க படங்களைப் பார்த்திருப்பீங்க. நகை, பட்டு மடிப்பு, மயில், தாமரைக்குளம், தூரத்துல கோபுரம்னு ஒரு இஞ்ச் சும்மா விடமாட்டாங்க. அது தப்பே இல்ல. ஏன்னா காலண்டர் ஒரு வருஷம் சுவத்துல தொங்கும். தினமும் ஒரு தடவை பார்ப்பீங்க. டிசம்பர்லகூட ஒரு மூலையில புதுசா ஒரு கிளி கண்ணுல படும்.

என் நண்பன் வரைஞ்சது காலண்டர். கேட்டது தீப்பெட்டி.

இப்படிச் சொன்னதும் அவனுக்கு உடனே புரிஞ்சது. “எல்லாம் சரிதாம்ல. தீப்பெட்டி ஆக்கினா என் ஊரு எங்கல இருக்கும்?”ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. மலையை எடு, லாரியை எடு, ஆளை எடுன்னு நான் ஒவ்வொண்ணா எடுக்கச் சொன்னா, கடைசியில எந்த ஊர்ப் பூச்சந்தையாவும் இருக்கலாம் இல்லையா? மூணு வருஷம் அவன் தூக்கம் முழிச்சதே அது எந்த ஊராவும் இல்ல, தோவாளைங்கிறதுக்காகத்தான்.

இதுக்கு எனக்கு அப்போ நல்ல பதில் தெரியல. சும்மா நாலு கவரை எடுத்து வச்சுப் பார்த்தோம். ‘ஸ்டார்டியூ வேலி’ கவர்ல பேருதான் பெருசு. பின்னாடி நீல வானம், கொஞ்சம் பச்சை. ஒரு மாடுகூட வேண்டியதில்ல. அந்த எழுத்தே மரப்பலகையில செஞ்ச மாதிரி இருக்கும், அதுலயே பண்ணை வந்துடுது. ‘ஹாலோ நைட்’ இருட்டுல ஒரு வெள்ளை முகமூடி, ரெண்டு கொம்பு. எவ்வளவு சின்னதாக்கினாலும் அந்த வெள்ளை முகம் நிக்கும். ரெண்டுமே இடத்தைக் காட்டல. ஆனா உள்ளே போனா உங்களுக்கு எப்படி இருக்கும்ங்கிறதைச் சொல்லிடுது.

இதுல பழைய பாடம் ஒண்ணு இருக்கு. ‘ஈகோ’ன்னு ஒரு விளையாட்டு, 2001, பிளேஸ்டேஷன் 2. ஜப்பானிலயும் ஐரோப்பாவுலயும் வந்த பெட்டியில, அதை உருவாக்கின ஃபுமிட்டோ உவேதாவே வரைஞ்ச ஓவியம். இத்தாலிய ஓவியர் டி சிரிக்கோவோட பாணி. பெரிய வெறிச்சோடின கட்டடங்கள், நீண்ட நிழல், நடுவுல ரெண்டு சின்னஞ்சிறு உருவங்கள். பார்த்ததுமே மனசுல ஒரு தனிமை வந்துடும், விளையாட்டும் அதேதான். அமெரிக்காவுல மட்டும் வேற கவர் போட்டாங்க. பையனோட முகம் பெருசா, கையில ஒரு கட்டை. வழக்கமான சாகச விளையாட்டு மாதிரி. மோசமான கவருக்கு உதாரணம்னு இன்னிக்கும் அதைத்தான் சொல்றாங்க. வரைஞ்சவருக்கு வரையத் தெரியலைன்னு நான் சொல்லமாட்டேன். வேற ஏதோ விளையாட்டுக்கான வாக்குறுதியை அது கொடுத்துடுச்சு, அவ்வளவுதான்.

வாக்குறுதின்னு ஏன் சொல்றேன்னா, ஸ்டீம்ல அதுக்கு நேரடியா காசுக்கணக்கு உண்டு. வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா, காசைத் திருப்பிக் கேட்கலாம். கவர்ல வாளைக் காட்டி உள்ளே பூ விக்கச் சொன்னா, வந்தவர் இருபது நிமிஷத்துல பணத்தை வாங்கிட்டுப் போயிடுவார். போகும்போது ஒரு மோசமான விமர்சனமும் எழுதி வைப்பார். பத்து விமர்சனம் சேர்ந்தாத்தான் விளையாட்டுக்கு மதிப்பீடுன்னே ஒண்ணு காட்டும். அந்த முதல் பத்துல நாலு தப்பான ஆளுங்க கொடுத்ததுன்னா கதை முடிஞ்சது. நிறைய பேரை உள்ளே இழுக்கிறது நல்ல கவர்னு நினைக்கிறோம். என்னைக் கேட்டா, இந்த விளையாட்டு யாருக்குப் பிடிக்காதோ அவங்களை வாசல்லயே தாண்டிப் போகவிடுறதும் கவரோட வேலைதான்.

நடுவுல ஏஐ கதை ஒண்ணு. நண்பனோட ஆபீஸ்ல யாரோ, “ரெண்டு மாசமா ஏம்ப்பா கஷ்டப்படுற, ஏஐ கிட்டக் கேளு”ன்னு சொல்லியிருக்காங்க. கேட்டோம். தென்னிந்தியப் பூச்சந்தை, அதிகாலைன்னு எழுதினோம். தலைப்பாகை கட்டின தாத்தா, மலை மாதிரி செவ்வந்தி, பின்னாடி குவிமாடம் வச்ச ஏதோ அரண்மனை. செவ்வந்தியை எடுத்துட்டுப் பிச்சி வேணும்னு கேட்டதுக்கு ரோஜா வந்தது. சிரிச்சுட்டு மூடி வச்சோம். 2024 ஜனவரியில இருந்து, ஏஐ வச்சுச் செஞ்சது இருந்தா விளையாட்டுப் பக்கத்துலயே அதைச் சொல்லணும்னு ஸ்டீம் விதியும் இருக்கு. சொல்றதுல வெட்கம் ஒண்ணும் இல்ல. ஆனா அவனோட கேள்வியே “என் ஊரு எங்கல”ங்கிறது. ஊரைப் பார்க்காத ஒண்ணுகிட்டப் போய் ஊரைக் கேட்டா என்ன வரும்?

விஷயம் எங்கே திரும்புச்சுன்னா, அவன் பக்கத்து வீட்டுல. அங்கே மாணிக்கமாலை கட்டுறவங்க இருக்காங்க. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்த மாலை. சாதாரண மாலை மாதிரி உருண்டையா இருக்காது. பாய் பின்னின மாதிரி தட்டையா இருக்கும். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூவை அப்படியே கோக்காம மடிச்சு மடிச்சுக் கட்டுவாங்க. தள்ளி நின்னு பார்த்தா கல் பதிச்ச நகை மாதிரி தெரியும். மாணிக்கம்னு பேர் வந்ததே அதனாலதான்.

இவன் சின்ன வயசுல இருந்து பார்க்கிற மாலை. ஆனா அன்னைக்குத்தான் கவர் பண்றவன் கண்ணால பார்த்திருக்கான். கோயில்ல சாமி கழுத்துல கிடக்கும்போது யார் பார்க்கிறா? கூட்டத்துல, கம்பிக்கு இந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்துல, எட்டி எட்டிப் பார்க்கிற ஆள். அவருக்கு ஒரு இதழோட நரம்பு தெரியப்போறதில்ல. அதனால கட்டுறவங்க மூணே நிறத்துல நிறுத்திட்டாங்க. மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காத நிறம். அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, “மக்கா, எனக்கு மூணு நிறம் போதும்”னான்.

அதுல இருந்து வேகம் பிடிச்சது. முதல்ல நீலத்தைத் தூக்கினோம். ராத்திரி நடக்கிற விளையாட்டு, அதனால கருநீலம்னு அவன் போட்டிருந்தான். ஆனா ஸ்டீம் பக்கமே கருநீலம் இல்லையா? கருநீலப் பக்கத்துல கருநீலக் கவர் வச்சா ஓரமே தெரியாம கரைஞ்சுடும். தனியா ஒரு கவரை எடிட்டர்ல திறந்து வச்சு ரசிக்கிறவங்களுக்கு இது கண்ணுல படவே படாது. அது எங்கே உட்காரப்போகுதோ அங்கே, மத்த இருபது கவருக்கு நடுவுல ஒட்டிப் பார்க்கணும். அதனால பின்னணி அரளிச் சிவப்பு.

உருவம் என்னன்னு யோசிச்சோம். இந்த விளையாட்டுல நீங்க என்ன பண்றீங்க, ஒரே வரியில சொல்லுன்னேன். “பூவை வச்சுக்கிட்டு விடியலோட சண்டை போடுறேன்”னான். அதையே வரைஞ்சோம். ஒரு பழைய கைத்தராசு. ஒரு தட்டுல வெள்ளையா பிச்சி மொட்டுக் குவியல். இன்னொரு தட்டுல மஞ்சளா உதிக்கிற சூரியன். சூரியன் இருக்கிற தட்டு லேசா இறங்கியிருக்கும். சந்தையில இப்போ எல்லாரும் எலக்ட்ரானிக் தராசுதான் வச்சிருக்காங்க, அது எங்களுக்கும் தெரியும். ஆனா எலக்ட்ரானிக் தராசை 120 பிக்சல்ல வரைஞ்சா அயர்ன் பாக்ஸ் மாதிரி இருக்கு.

சுருக்கிப் பார்த்தோம். சிவப்புல ரெண்டு வட்டம், ஒரு சாய்ஞ்ச கோடு. வியாபாரம், நேரம், ஏதோ தப்பா போகப்போகுதுங்கிற பதற்றம், மூணும் இருக்கு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் பார்த்தோம். இதை நீங்களும் கண்டிப்பா பண்ணணும். நிறத்தை எடுத்தா உருவம் காணாமப் போச்சுன்னா, சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாத கண்ணு உள்ளவங்களுக்கும் அது காணாமத்தான் போகும்.

அடுத்த சண்டை எழுத்து. பேர் தமிழ்லதான் இருக்கணும்னு அவன். ஜப்பான்காரன் தன் எழுத்தைப் போடும்போது நமக்கு என்னல கூச்சம்னு கேட்டான். கூச்சம் இல்ல, இடம்தான் பிரச்சனை. உதாரணத்துக்குத் ‘தோவாளை’ன்னு எழுதுங்க. நமக்கு மூணு எழுத்து. ஆனா கொம்பு, கால் எல்லாம் சேர்த்து வரிசையா ஏழு உருவம் உட்காருது. 120 பிக்சல்ல ஏழு உருவம், அதுவும் தராசுக்குப் பக்கத்துல! தடிமனா போட்டா ண, ஞ மாதிரி எழுத்துகள்ல சுழி அடைச்சுக்கும். மெல்லிசா போட்டா தெரியாது. புள்ளி முதல்லயே காணாமப் போயிடும், பேரோட உச்சரிப்பே மாறிடும். சின்ன கேப்சூல்ல பேர்தான் கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்பணும்னு ஸ்டீமோட வழிகாட்டியே சொல்லுது.

கடைசியில எப்படி முடிச்சோம்னா, ரொம்பச் சின்ன கவர்ல தராசை ஓரத்துக்குத் தள்ளி ரோமன் எழுத்துல பேர். பெரிய அளவுகள்ல தமிழ் மேல, ரோமன் கீழ. அதுக்கும் அவன் கணினி எழுத்துருவை அப்படியே போடல. சந்தையில மூட்டை மேல மையால பேர் எழுதுவாங்க இல்லையா, அந்தக் கையெழுத்தை மாதிரியா வச்சு வரைஞ்ச எழுத்து. என் கணக்குல தோவாளை அந்த எழுத்துலதான் இருக்கு. மலையைவிட அதிகமா.

மலையும் போகல. ஸ்டீம்ல விளையாட்டை வாங்கினவங்களோட லைப்ரரிப் பக்கத்துல மேல அகலமா ஒரு படம் வரும். 3840-க்கு 1240 பிக்சல். அதுல எழுத்தே இருக்கக்கூடாது. அவன் முதல்ல வரைஞ்ச சந்தை முழுசும், அறுபது பேர், லாரி, டீக்கடை, நிலா, காத்தாலை எல்லாம் அங்கே போயிடுச்சு. வாங்கினவர் தினமும் திறந்து பார்க்கிற இடம். காலண்டர் மாட்ட வேண்டிய சுவர் அதுதான்.

ஓவியர் வச்சுச் செய்றவங்களுக்குக் கொஞ்சம் நடைமுறை விஷயம். தராசைக் கடைசியா வரைஞ்சது அவன் இல்ல, ஒரு ஓவியர்கிட்டக் கொடுத்தான். அவன் மாசச் சம்பளத்துல பாதி போச்சு. மூணு வருஷ உழைப்பை உலகம் முதல்ல பார்க்கிற படம், அதுக்கு இது நியாயமான செலவுன்னுதான் நான் சொல்லுவேன். ஓவியர்கிட்ட “நல்லா பண்ணுங்க”ன்னு சொல்லாதீங்க. அந்த ஒரு வரி, விளையாட்டுல இருந்து நாலு ஸ்கிரீன்ஷாட், இதே ரகத்துல வந்த அஞ்சாறு விளையாட்டோட கவர், இவ்வளவும் கொடுங்க. முக்கியமா, லேயர் பிரிச்ச ஃபைலா கேட்டு வாங்குங்க. தராசு தனி, பின்னணி தனி, எழுத்து தனி. ஏன்னா ஒரே படத்தை ஸ்டீம் பல வடிவத்துல கேட்கும். சின்னது 462-க்கு 174, படுத்த செவ்வகம். லைப்ரரிக்கு 600-க்கு 900, நிமிர்ந்தது. கூகுள் பிளேயில போட்டா 512-க்கு 512 சதுரம். ஒட்டின படத்தை வாங்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் வெட்டிட்டு இருந்தா, ஒண்ணுல சூரியன் போகும், இன்னொண்ணுல பூ போகும்.

இன்னொண்ணு, கவர் மேல “விருது பெற்றது”, “50% தள்ளுபடி”, நாலரை ஸ்டார் எல்லாம் ஒட்டலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. 2022 செப்டம்பர் 1-ல இருந்து ஸ்டீம் அதை அனுமதிக்கிறதில்ல. படம், பேர், துணைத்தலைப்பு இருந்தா அது, அவ்வளவுதான். எனக்கு அந்த விதி பிடிக்கும். விருது வாங்காத எங்க ஊர்ப் பையனும் பெரிய கம்பெனியும் அந்தச் செவ்வகத்துக்குள்ள ஒரே அளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி அவனோட ஸ்டீம் பக்கம் திறந்தது. விளையாட்டு இன்னும் வரல, கவரும் டிரெய்லரும் மட்டும்தான். லிங்க்கை அனுப்பிட்டு, “அம்மாகிட்டக் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு, பூ வாடப்போகுதே, சீக்கிரம் வில்லுன்னாங்க”ன்னு எழுதியிருந்தான்.

நீங்களும் ஏதாவது விளையாட்டு பண்ணிட்டு இருந்தா கவரை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசலாம். பெரிய படம் வேண்டாம். 120-க்கு 45-ஆ சுருக்கி அனுப்புங்க. கூடவே விளையாட்டு எதைப் பத்தினதுன்னு எழுதாதீங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன், அது சரியான்னு நீங்க சொல்லுங்க.